பிள்ளைக்கு ஏற்ற கல்லூரி எது?



பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்ததும் நம் தேங்காய்த்திட்டு வீடுகளில் எழும் முதற் கேள்வி, "எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" என்பதே. நியாயமான கேள்விதான். ஆயினும் அதற்கு முன்னே கேட்க வேண்டியது ஒன்றுண்டு: "இந்தப் பிள்ளை எதைத் தேடுகிறது?"

சில பிள்ளைகள் பாடத்தை முடித்ததோடு திருப்தியடைவார்கள். வேறு சிலருக்கோ கேள்வி ஓய்வதேயில்லை. அலையாத்தி மரம் உப்புநீரில் எப்படிப் பிழைக்கிறது? அரிக்கமேட்டு மண்ணுக்குள் ரோமாபுரி மட்பாண்டம் எப்படி வந்தது? 1945-ம் ஆண்டில் வீலர் துரை அங்கே தோண்டிப் பார்த்ததும் இத்தகைய கேள்வியினால்தான் அன்றோ? இப்படிக் கேட்கும் பிள்ளையை எங்கே சேர்ப்பது?

"சிறிய கல்லூரியே நல்லது, அங்கே ஆசிரியர் ஒவ்வொரு மாணவனையும் அறிவார்" என்பர் பலர். அதில் உண்மை உண்டு. ஆனால் சிறிது என்பது மாத்திரம் போதாது. கணிதமேதை இராமானுஜன் 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டபடியால் அந்தச் சம்பளத்தை இழந்தார். பின்பு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. கல்லூரிகள் விதிப்படியே நடந்தன. ஆனால் அந்த விதிக்குள் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. 1913-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமே வழியைத் திறந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் ச.வெ. இராமன் படித்தார். அவருடைய பேராசிரியர் ஜோன்ஸ், வகுப்பு வகுப்பென்று அவரை நெருக்காமல், ஆய்வுக்கூடத்தில் தம் விருப்பப்படி வேலை செய்ய விட்டார். மாணவராயிருக்கும்போதே, 1906-ல், இராமனின் கட்டுரை லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்தது. ஆகவே, கல்லூரி பெரிதா சிறிதா என்பதைவிட, பிள்ளையை அறிந்து அதற்கு இடங்கொடுக்கும் ஓர் ஆசிரியர் அங்கே உண்டா என்பதே பெரிய கேள்வி.

நம் பட்டணத்திலேயே அரவிந்தர் ஆசிரமத்தின் கல்வி மையம் பட்டம் ஒன்றும் வழங்காமலே உயர்கல்வி போதிக்கிறது. "நான் விரும்புவது அறிவையா, காகிதத்தையா?" என்று அது நம்மைக் கேட்பதுபோல் இருக்கிறது. எல்லாரும் பட்டத்தை விட்டுவிட முடியாது. மூன்று வருஷத்தில் சம்பாதித்தே தீர வேண்டிய குடும்பத்துப் பையன் பட்டத்தை நாடுவது பேராசையன்று, கடமை. ஆனால் பிழைப்பும் அறிவும் பகையல்ல. பட்டம் தரும் இடங்களிலேயே பிள்ளையின் மனம் வளரும் இடத்தைத் தேடலாம்.

அதற்கு வழி எளிது. விண்ணப்பம் போடுமுன் ஒரு வேலைநாளில் பிள்ளையோடு கல்லூரிக்குப் போய்ப் பாருங்கள். நூலகத்துப் புத்தகங்கள் மாணவர் கைக்கு வருகின்றனவா, பூட்டிய அலமாரியில் தூங்குகின்றனவா? வகுப்பு முடிந்தபின் ஆசிரியரை அணுகிக் கேள்வி கேட்க முடியுமா? இரண்டாம் வருஷ மாணவனிடம், "பாடத்துக்கு வெளியே கடைசியாக என்ன படித்தாய், தம்பி?" என்று கேளுங்கள். அவன் பதில் விளம்பரத் தாளைவிட அதிகம் சொல்லும். 1961-ல் தொடங்கிய டாகூர் கல்லூரியையும், 1968-ல் தொடங்கிய பாரதிதாசன் மகளிர் கல்லூரியையும், அருகிலிருக்கும் அரசுக் கல்லூரிதானே என்று பார்க்காமலே தள்ளிவிடாதீர்கள்.

இன்னும் இரண்டு காரியங்களில் மனச்சாட்சியைச் சோதிப்போம். கலியாண வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு கல்லூரிப் பெயரைத் தேடுகிறோமா? அப்படியானால் நம் பசிக்குப் பிள்ளையை இரையாக்குகிறோம். மகனைக் கடன்பட்டும் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, அவனைவிட அதிகமாய்க் கேள்வி கேட்கும் மகளுக்கு, "பக்கத்தில் எது இருக்கிறதோ அது போதும்" என்கிறோமா? அப்படியானால் அது அநீதி.

பன்னிரண்டு வயதில் காணாமற்போன சேசு பாலனை மூன்று நாள் தேடிய மாதாவும் சூசையப்பரும், ஆலயத்தில் போதகர்கள் நடுவே, கேட்டுக்கொண்டும் கேள்வி கேட்டுக்கொண்டும் இருக்கக் கண்டார்கள். அவர் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. ஆயினும் மாதா அதை இருதயத்தில் வைத்துக் காத்தார்கள். நம் பிள்ளையின் கேள்வி நமக்கு விளங்காமல் இருக்கலாம். அதற்காக அதை அடக்காதீர்கள். அதைக் கேட்டுப் பதில் சொல்லக்கூடியவர் இருக்கும் இடத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேருங்கள்.