மறைவிட நோயும் வினைக் கொள்கையும்

சிறுநீர்ப்பையிலிருந்து நீரை வெளியேற்றும் சிறுநீர்வழியில் நோய் கண்டால், வலியோடு ஒரு கேள்வியும் வருகிறது: இது முன்வினைப் பயனா? காலில் வந்த புண்ணுக்கு இக்கேள்வி இவ்வளவு கடுமையாக எழுவதில்லை. மறைவான உறுப்பு என்பதால் வெட்கமும், ஒழுக்கம் பற்றிய சந்தேகமும் சேர்ந்துகொள்கின்றன.

காரணங்கள் பல. வெட்டை, கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகள் அழற்சியைத் தரும். குடலில் வாழும் பாக்டீரியாவும் காயமும் தரும். ஆண்களில் ஆறாத அழற்சி தழும்பாகி வழியைச் சுருக்க, நீர் நூலாக இறங்கும். பெண்களில் இவ்வழி சுமார் 4 செ.மீ. நீளமே, கிருமி எளிதில் சிறுநீர்ப்பையை எட்டும். புற்றுநோய் மிக அரிது. நாள்பட்ட அழற்சி, பாப்பிலோமா வைரஸ், முன்பு வந்த சிறுநீர்ப்பைப் புற்று ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டும். நீரில் இரத்தமோ, தொட்டால் தட்டுப்படும் கட்டியோ அதன் அறிகுறியாகலாம்.

வேலைச் சூழலும் இதில் சேரும். இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியை ஒட்டிய டயகம போன்ற தேயிலைத் தோட்டங்களில், கொழுந்தெடுக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் மலையில் கழிப்பறை இல்லை. அதனால் காலையிலேயே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். கொழுந்து நிறுத்து முடியும்வரை அடக்கிக்கொள்கிறார்கள். லயம் எனப்படும் தோட்டக் குடியிருப்புக்குத் திரும்பும்போது நீர்க்கடுப்பும் கூடவே வருகிறது.

சைவ சித்தாந்தம் வினையை மறுப்பதில்லை. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், இப்போது நுகர்வது பிராரத்தம், இனி ஈட்டுவது ஆகாமியம். ஆனால் வினையென்று சொல்லிக் கைகட்டியிருக்க அது இடந்தருவதில்லை. கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது நாயன்மாரான சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்பது மரபு. வினைக்கு வினை என்று பேசிக்கொண்டு உய்யும் வழி தேடாதிருப்பது குறையே என்பது அதன் தொடக்கக் கருத்து. மருந்து தேடுவதும் அவ்வழியில் அடங்கும்.

உடலும் கருவிகளும் உயிரை மறைக்கும் ஆணவ இருள் நீங்குவதற்காக மாயை என்னும் மூலப்பொருளிலிருந்து இறைவன் கொடுத்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் இழிந்ததாகப் பிரிக்க இக்கொள்கையில் நியாயமில்லை. பிறருடைய பிராரத்தத்தைக் கணக்கிட்டுத் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் மனிதருக்கு இல்லை. கொழுந்தெடுக்கும் பெண்ணின் கடுப்பு அவள் வினை என்றே கொண்டாலும், மலையில் கழிப்பறை கட்டாதது கட்டவேண்டியவரின் ஆகாமியம்.

ஆகவே வெட்கத்தால் நோயை மறைப்பது சமயக் கடமை ஆகாது. இலங்கை அரச வைத்தியசாலைகளில் பாலியல் நோய்ச் சிகிச்சை இலவசம். விவரம் இரகசியமாகப் பேணப்படும். தொற்று பாலியல் வழி வந்ததாயின் துணைக்கும் மருந்து வேண்டும். அழற்சியைத் தொடக்கத்திலேயே ஆற்றினால் வழி சுருங்குவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். புற்றும் முன்கூட்டியே பிடிபட்டால் சிகிச்சை பயன் தரும்.