எழுத்துப்பிழை பொய்யாகுமா?

லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களில் எழுத்துப்பிழை திருத்தவென்றே சிலர் உட்காருகிறார்கள். நெட்வொர்க் கார்டு டிரைவரின் விளக்கக் குறிப்பில் இரண்டு முறை விழுந்த ஒரு சொல், இடம் மாறிய ஓர் எழுத்து. திருத்தாவிட்டாலும் கார்டு ஓடும். பிறகு அந்தத் திருத்தம் யாருக்காக?

படிப்பவருக்காக. இன்டெல்லின் இ1000 டிரைவர் ஆவணம் ‘இன்டரப்ட்த்ராட்டில்ரேட்’ என்ற அமைப்பை விளக்குகிறது. கார்டு நொடிக்கு எத்தனை முறை செயலியைக் குறுக்கிட்டுக் கூப்பிடலாம் என்பதற்கான வரம்பு அது. 0, 1, 3, 4 அல்லது 100 முதல் 1,00,000 வரை கொடுக்கலாம். அந்த வரியில் ஒரு சுழியம் விடுபட்டால், நள்ளிரவில் சர்வர் அறையில் அதை நம்பி எண்ணைத் தட்டும் நிர்வாகி ஏமாந்துபோவார். எழுதியவருக்குப் பொய் சொல்லும் எண்ணமில்லை. நம்பியவருக்கு நேர்ந்ததோ பொய்யால் நேர்வதேதான்.

ஆனால் மூன்று ஆங்கிலச் சொற்கள் ஒட்டிக் கிடக்கும் அந்தப் பெயரையே ஒருவர் இலக்கணப்படி பிரித்து எழுதினால்? மொழி சரியாகிவிடும், ஆவணம் பொய்யாகிவிடும். டிரைவருக்குத் தெரிந்தது ஒட்டிய பெயர் மட்டுமே.

1996-இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 1945, ‘ரெஃபரர்’ என்ற சொல்லை ஓர் ‘ஆர்’ குறைத்து எழுதியது. மென்பொருள்கள் அப்படியே பேசப் பழகிவிட்டன. இன்றும் அதுதான் வழக்கு. அங்கே பிழையே உண்மையாகிவிட்டது.

அதனால் நல்ல திருத்துநர் அகராதிக்கு முன் மூலநிரலைத் திறந்து பார்க்கிறார். மாற்றியது ஒற்றை எழுத்தானாலும் திருத்தக் குறிப்பின் அடியில் தன் பெயரிட்டுப் பொறுப்பேற்கிறார். கெர்னலில் அது கட்டாயம்.