அரணும் அறமும்

பகைவரிடமிருந்து இறைவன் காப்பான் என்னும் நம்பிக்கை எபிரேய இறைவாக்கினர் நூல்களின் உயிர்நாடியாகும். எனினும் அக்காவல் யாது என்பதில் அவர்கள் ஒரே குரலிற் பேசினரல்லர். கி.மு. 701இல் அசீரியப் படை யூதாவைச் சூழ்ந்தபோது எருசலேம் வீழாது என்றார் எசாயா, நகரும் வீழவில்லை. அந்நினைவே நாளடைவில், ஆலயம் உள்ளவரை அழிவில்லை என்னும் செருக்காயிற்று. ஒரு நூற்றாண்டின் பின் எரேமியா அதனை மறுத்தார். அந்நியனையும் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒடுக்கி, குற்றமற்ற குருதியைச் சிந்துவோர்க்கு ஆலயம் அரணாகாது என்றார். பாபிலோனியர் அவ்வாலயத்தை எரித்தனர்.

வன்னிக் காட்டிடை அமைந்த மடுத் திருத்தலத்தையும் மக்கள் அத்தகைய அரணாகவே கருதித் தஞ்சம் புகுந்தனர். 1999 நவம்பரில் அங்கு எறிகணைகள் வீழ்ந்தன; குழந்தைகள் உட்பட ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அவ்வாறாயின் இறைவன் கைவிட்டானா? மாண்டோர் தம் பாவத்தின் பயனையே பெற்றனர் என்பது எரேமியாவைத் தலைகீழாகப் படிப்பதாகும். அவர் கண்டித்தது ஒடுக்குவோரையேயன்றி ஒடுக்கப்பட்டோரையன்று. எசாயா நூலின் பிற்பகுதியும் நீரையும் நெருப்பையும் கடப்போரோடு இறைவன் உடனிருப்பான் என்கிறதேயன்றி, அவை வாரா என்று கூறவில்லை. குருதி சிந்தாதிருக்கும் கடமை மனிதர்க்கே இடப்பட்டது. மடுவில் மீறப்பட்டது அக்கட்டளையே. அதற்கு விடையிறுக்க வேண்டியோர், தஞ்சம் புகுந்தவரல்லர், படைக்கலம் ஏந்தியவரே.