நிறுத்துதல் தோல்வியாகுமா?

காணச் சென்றதைக் காணாது திரும்பினவன், தன் பொருளையும் பொழுதையும் வீணாக்கினவன் ஆவானா? இவ்வினா என் குடும்பத்துள் எழுந்தது. அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

2019-ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, மனைவி, மகன், மகள்வயிற்றுப் பேரன் ஆகியோருடன் பெங்களூரினின்று புறப்பட்டு ஸ்ரீஹரிகோட்டாவை அடைந்தேன். சந்திரயான் 2 விண்கலத்தைச் சுமந்த ராக்கெட், மறுநாள் விடியுமுன் 2 மணி 51 நிமிடத்துக்கு எழ வேண்டும். பொதுமக்கள் நேரிற் காண்பதற்கென்று படிவரிசை அரங்கம் ஒன்றை அவ்வாண்டுதான் அங்கே திறந்திருந்தனர். சூளூர்ப்பேட்டை தாண்டி, பழவேற்காடு ஏரியின் நடுவே செல்லும் சாலை வழியே போய், ஆயிரக்கணக்கானோருடன் அமர்ந்தோம். பேரன் உறங்க மறுத்துவிட்டான். கடிகாரம் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்து, 56 நிமிடம் 24 விநாடி எஞ்சியிருக்கையில் நின்றது. சிறிது நேரம் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பின்னர், கோளாறு காணப்பட்டதால் அன்றைய ஏவுதல் கைவிடப்பட்டதென்று அறிவிப்பு வந்தது.

குடியரசுத் தலைவரே வந்து காத்திருந்த இரவு அது. திரும்பும் வழியில் என் மகன், "இவ்வளவு பேரை வரவழைத்து ஏமாற்றிவிட்டார்களே, அப்பா" என்றான். நான் மறுமொழி கூறவில்லை. என் நினைவு ஆலைக்குச் சென்றுவிட்டது.

நான் நூற்பாலையில் இருந்த நாளில், பக்கத்து இயந்திரத்து இளைஞன் ஒருவன், பட்டை கருகும் நாற்றம் கண்டு இயந்திரத்தை நிறுத்தினான். பார்த்தபோது பழுதொன்றும் வெளிப்படவில்லை. நின்ற பொழுதுக்கு நூல் யார் தருவாரென்று மேஸ்திரி வைதான். அரைநாட் கூலியும் பிடிக்கப்பட்டது. பத்து நாள் கழித்து மீண்டும் அந்நாற்றம் எழுந்தது. அவன் நிறுத்தவில்லை. எனக்கும் அது எட்டிற்று. என் கூலியை எண்ணி நானும் வாய் திறக்கவில்லை. சங்கு ஊதுமுன் பட்டை அறுந்து அவன் வலக்கையைச் சிதைத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நாற்றம் என்னை விட்டு அகலவில்லை.

நிற்க. அமெரிக்க நாட்டுப் புளோரிடாக் கரையில் 1986 ஜனவரி 28 அன்று நிகழ்ந்ததை அன்பர்கள் பலர் அறிவர். சாலஞ்சர் விண்ணோடத்தில் எழுவர் ஏறினர். கிறிஸ்டா மெக்காலிஃப் என்னும் பள்ளி ஆசிரியை அவர்களுள் ஒருவர். அவருடைய பெற்றோர் பார்வையாளர் வரிசையில் இருந்தனர். பயணமோ ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. உந்துகலத்தின் இணைப்பிலுள்ள ரப்பர் வளையம் கடுங்குளிரில் இறுகிப்போகும், அனல் கசிவைத் தடுக்காது என்று, அக்கலத்தைச் செய்தளித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முன்னிரவே எச்சரித்தனர். அவர்கள் சொல் அம்பலம் ஏறவில்லை. எழுந்த 73 விநாடிகளில் ஓடம் சிதறிற்று, எழுவரும் மாண்டனர். அந்தப் பெற்றோர் அன்று வெறும் ஏமாற்றத்தோடு வீடு திரும்பியிருக்கலாகாதா?

நின்றதெல்லாம் நன்றென்று யான் கூற வரவில்லை. சோம்பலால் நிறுத்துவோரும் உளர். பழிக்கு அஞ்சி எதையும் தொடங்காதோரும் உளர். ஆயிரம் பேர் ஏச்சைத் தான் ஏற்றுக்கொண்டு, ஐயுற்றதை வெளிப்படக் கூறி நிறுத்துபவன் வேறு. அவன் கண்ட கோளாறு ஒருவேளை ஒன்றுமில்லாததாகவும் முடியலாம். அதற்காகவே அவனுக்குத் துணிவு வேண்டும்.

"அவ்வளவு எச்சரிக்கையாயிருந்தும், அக்கலத்தின் இறங்குபகுதி செப்டம்பர் 7 அன்று நிலவில் மோதி அழிந்ததே, பயன் என்ன?" என்று சிலர் கேட்பர். அக்கோளாறு வேறு, இது வேறு. ஜூலை இரவில் அவர்கள் எதை அறிந்திருந்தனரோ, அதைக்கொண்டே அவ்விரவின் செயலை அளத்தல் வேண்டும். விளைவு நன்றாயிற் புகழ்வதும், தீதாயின் இகழ்வதும் மேஸ்திரியின் கணக்கு.

அதே ராக்கெட் ஜூலை 22 அன்று பிற்பகல் 2 மணி 43 நிமிடத்துக்கு எழுந்தது. மீண்டும் செல்லக் கையிற் பொருளில்லை. வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிற் கண்டோம். மகன் ஒன்றும் பேசவில்லை. பேரன் மட்டும், "இன்றைக்கு ஏன் தாத்தா நிறுத்தவில்லை?" என்று கேட்டான்.