தெரியும் என்பதற்கு யார் சாட்சி?

உளவியல் அறிமுகத் தேர்வுகளில் அடிக்கடி தலைகாட்டும் வினா இது: சீட் பெல்ட் போடாமல் காரைக் கிளப்பினால் ஒலி எழுகிறது, போட்டதும் நின்றுவிடுகிறது, அடுத்த முறை ஓட்டுநர் முதலிலேயே போட்டுக்கொள்கிறார். இது தண்டனையா, எதிர்மறை வலுவூட்டலா? நடத்தையியல் உளவியலாளர் ஸ்கின்னரைப் பற்றிய பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தவரும் ‘தண்டனை’ என்று குறித்துவிட்டு வரக்கூடும். வேண்டாத ஒன்றை நீக்கி ஒரு செயலை வளர்ப்பதே எதிர்மறை வலுவூட்டல் என்ற வரி அவருக்குப் பழகியதுதான். கண்ணில் படும்போதெல்லாம் ‘இது தெரியுமே’ என்று மனம் சொல்லியிருக்கும். அப்படிச் சொல்லும் மனத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்தியத் தருக்க மரபில் இதையொட்டி நீண்ட வழக்கே நடந்திருக்கிறது. அறிவின் மெய்ம்மை அறிவிலேயே விளங்கும் என்றனர் மீமாம்சை மரபினரான மீமாம்சகர். நியாய மரபினரான நையாயிகர் ஒப்பவில்லை. தண்ணீர் என்று கண்டது தண்ணீர்தானா என்பது குடித்துத் தாகம் தணிந்தால்தான் உறுதிப்படும் என்றனர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு நையாயிகர் பக்கம் நிற்கிறது. ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொன்று ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்றுகளில் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. ஆனால் நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள் வாசித்தவர்கள்தான்.

இப்படித் தம்மைத் தாமே சோதிக்க மாணவர் கையில் இருப்பது மாதிரி வினா. அதுவும் மனப்பாடம்தானே என்று கேட்கலாம். விடையை மட்டும் உருப்போட்டால் அப்படித்தான். கொள்குறி வினாக்களில் தவறான விடைகளே உண்மைபோல் மனத்தில் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. உடனுக்குடன் சரிபார்த்தால் அது குறையும். காரை விட்டுவிட்டுத் தலைவலி மாத்திரையை வைத்து அதே கேள்வியைக் கேட்டால், உருப்போட்டவர் யார், புரிந்துகொண்டவர் யார் என்பது தெரிந்துவிடும். இதைவிடக் கனமானது மீமாம்சகர் எழுப்பும் தடை. ஓர் அறிவுக்கு வெளிச்சாட்சி வேண்டுமென்றால், அந்தச் சாட்சிக்கும் ஒரு சாட்சி வேண்டுமே. விடைப்பட்டியலை யார் சரிபார்ப்பது? ஐயம் எழுகிற இடத்தில் சோதித்தால் போதும், எல்லாவற்றையும் முடிவின்றிச் சோதிக்க வேண்டியதில்லை என்பது நையாயிகரின் பதில். அன்றாட வாழ்வுக்கு அது போதும், மாணவருக்குப் போதாது. மறுவாசிப்பு ஐயத்தையே கொன்றுவிடுகிறது. ஐயம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பவருக்கு அது வரவே வராது. ஆகவே மாதிரி வினாவின் முதல் வேலை ஐயத்தை உண்டாக்குவது, சரிபார்ப்பதெல்லாம் பிறகு. தெரிவுகளை மறைத்துக்கொண்டு விடையை எழுதி, ‘உறுதி’ அல்லது ‘ஊகம்’ என்று பக்கத்தில் குறித்த பிறகே விடைப்பட்டியலைத் திறக்க வேண்டும். ஊகம் என்று குறித்துத் தவறியவற்றை எப்படியும் திரும்பப் படிப்போம். உறுதி என்று குறித்துத் தவறியவை, வினா மட்டும் இல்லாதிருந்தால், அப்படியே தேர்வுக்கூடம் வரை வந்திருக்கும்.