வழிபாட்டு ஆண்டும் சபைத் தலைமையும்

திருவருகைக் காலத்தில் தொடங்கி, கிறிஸ்து பிறப்பு, தவக்காலம், உயிர்ப்பு, தூய ஆவியின் வருகை, நீண்ட பொதுக்காலம் என நகர்ந்து, நவம்பர் இறுதியில் கிறிஸ்து அரசர் பெருவிழாவை எட்டும் கால ஒழுங்கே வழிபாட்டு ஆண்டு. பெரும்பாலான கையேடுகள் இதைப் பக்தி சார்ந்த விடயமாகவே விளக்குகின்றன. ஆனால் இதற்குள் ஓர் ஆட்சி ஒழுங்கும் அடங்கியிருக்கிறது. எந்த வாரம் எதை வாசிப்பது, எப்போது நோன்பு, எப்போது கொண்டாட்டம் என்று முடிவுசெய்யும் உரிமையை அது தலைவரின் கையிலிருந்து எடுத்துவிடுகிறது. அப்படி எடுப்பது முறையா, அந்த உரிமையைத் தலைவர் எந்த நிலையில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பவை அறம் சார்ந்த கேள்விகள்.

இக்கேள்விகளை ஓர் ஊரிலிருந்து பார்க்கலாம். இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் எழுவான்கரையில், செட்டிபாளையத்தை அடுத்து இருக்கும் ஊர் குருக்கள்மடம். இங்கிருந்து 'பாதை' என வழங்கும் மிதவையில் வாவியைக் கடந்தால் படுவான்கரை அம்பிளாந்துறை. அதற்கும் அப்பால் கொக்கட்டிச்சோலை. இந்தக் கரையூர்களின் ஆண்டை நகர்த்துபவை கோயில்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, அதையடுத்துக் கோயில் கோயிலாகத் திருவிழாக்கள். எந்தக் குடிக்கு, அதாவது எந்த மரபுவழிக் குலத்துக்கு, எந்த நாள் திருவிழா என்பது பரம்பரையாக வகுக்கப்பட்டது. கோயில் பொறுப்பாளரான வண்ணக்கர் மாறினாலும் நாள் மாறாது. கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினராக வாழும் இத்தகைய சூழலில், காலத்தின் ஒழுங்கு தனி மனிதரின் விருப்பத்துக்கு மேலானது என்ற எண்ணத்தைத் திருச்சபை புதிதாகக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. குடிமுறையில் பொறுப்பு பிறப்பால் வருகிறது. சபையில் அது அழைப்பாலும் தெரிவாலும் வரவேண்டும். ஆனாலும் பல சபைகளில் சில குடும்பங்களே தலைமுறைதோறும் செயலாளரும் பொருளாளருமாக இருந்துவருவதைப் பார்த்தால், குடிமுறை வேதக் கோயிலின் வாசலோடு நின்றுவிடவில்லை என்றே தோன்றுகிறது.

வழிபாட்டு ஆண்டு மத்தியதரைக் கடல் நாடுகளிலும் ஐரோப்பாவிலும் உருவானது. குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்த உணவு தீர்ந்துவரும் நாட்களில் அங்கே தவக்காலம் வரும். மட்டக்களப்பில் அது பெரும்போக நெல் வீடு வந்து சேரும் காலம். வயல்வட்டைக்குப் போய் வெயிலில் நிற்பவரிடம் நோன்பைக் கேட்பது எளிதல்ல. கடும் உடல் உழைப்பில் இருப்பவருக்குத் திருச்சபையும் நெடுங்காலமாக விலக்கு அளித்தே வந்திருக்கிறது. ஆனால் தவக்காலத்தின் மற்றொரு கடமையான தருமம், ஐரோப்பாவைவிட இந்த மண்ணுக்கே நன்றாகப் பொருந்துகிறது. கொடுக்கக் கையில் ஏதாவது இருக்கும் மாதம் இதுதான். இதை உணர்ந்து, உணவைக் குறைப்பதைவிட நெல்லைப் பகிர்வதை முன்வைக்கும் போதகர் ஆண்டின் ஒழுங்கை மீறவில்லை, அதைச் சரியாக வாசிக்கிறார். தம் ஊரின் மழையையும் அறுவடையையும் அறியாத ஒருவரால் இதைச் செய்ய முடியாது.

ஞாயிறு வாசகங்களின் பட்டியல்தான் தலைமைக்கு இடப்படும் முதல் கட்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து, 1969 திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கத் திருச்சபை மூன்றாண்டுச் சுழற்சி கொண்ட வாசக ஒழுங்கை நடைமுறைப்படுத்தியது. அதை அடியொற்றிய பொதுப் பட்டியல் ஒன்று 1992 இல் வெளியாகி, உலகின் பல சீர்திருத்தச் சபைகளிலும் புழக்கத்துக்கு வந்தது. பட்டியலைப் பின்பற்றும் குருவானவர் தமக்குப் பிடித்த பத்து வசனங்களுக்குள் சபையை அடைத்துவைக்க முடியாது. கூரைக்குப் பணம் தேவைப்படும் மாதத்தில் தசமபாகத்தைப் பற்றி மட்டும் பேசவும் முடியாது. தம்மோடு முரண்பட்டவரை அடுத்த ஞாயிறு வசனம் தேடிச் சாடுவதும் கடினம். அன்றைய வாசகம் முன்பே குறிக்கப்பட்டிருக்கிறது, சபையார் அதை வீட்டிலேயே வாசித்துவிட்டு வந்திருக்கக்கூடும். ஏழைக்கு ஆதரவாகவும் செல்வத்துக்கு எதிராகவும் பேசும் பகுதிகள், செல்வந்தர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாளிலும் வந்து நிற்கும்.

சுயாதீன சபைகள் இதற்கு ஒரு மறுப்பை வைக்கின்றன. ஆவியானவரின் வழிநடத்துதலை அட்டவணைக்குள் அடைக்கலாமா, மனப்பாடமான சடங்கில் உயிர் இருக்குமா என்று அவை கேட்கின்றன. இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிடலாகாது. பட்டியல் இருந்தும் ஆண்டுதோறும் அதே பிரசங்கத்தைத் தூசி தட்டி எடுப்பவர்கள் உண்டு. ஆயினும் அட்டவணையை மறுக்கும் சபைகளுக்கும் ஓர் ஆண்டு இருக்கத்தான் செய்கிறது: நத்தார், உயிர்த்த ஞாயிறு, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை, மாதத் தொடக்கக் கூட்டம், நாற்பது நாள் உபவாச ஜெபம். பல இடங்களில் அந்த ஆண்டைப் போதகரே வகுக்கிறார் என்பதுதான் வேறுபாடு. வகுத்தவர் நினைத்தபோது மாற்றலாம், உபவாசத்தை நீட்டலாம், சிறப்புக் காணிக்கை ஞாயிறு ஒன்றை இடையில் செருகலாம். அவர் நல்லவராக இருக்கும்வரை கேடு வராது. தலைவர் நல்லவராக இருப்பார் என்ற நம்பிக்கையை மட்டும் கொண்டு ஓர் அமைப்பை நடத்துவது, அந்தத் தலைவருக்கே செய்யும் அநீதி.

தலைவர் தம்மைத் தாழ்த்தியே ஆகவேண்டிய நாட்களும் ஆண்டுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. பெரிய வியாழனையொட்டி நடைபெறும் எண்ணெய்த் திருப்பலியில் குருக்கள் ஆயர் முன்னிலையில் தம் வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார்கள். ஆயர் தமக்காக மன்றாடும்படி மக்களிடம் கேட்கிறார். அன்று மாலை பங்குத்தந்தை முழந்தாளிட்டுப் பிறர் பாதங்களைக் கழுவுகிறார். 2016 ஜனவரி வரை அந்த வரிசையில் ஆண்களையே அமர்த்தவேண்டும் என்பது விதி. திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி வெளியான ஆணை பெண்களையும் அதில் சேர்த்தது. வழிபாட்டு ஆண்டு மாறாக் கல்வெட்டு அல்ல என்பதற்கு இது சான்று. மெதடிஸ்தர்களிடம் புத்தாண்டுத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. ஜோன் வெஸ்லி 1755 இல் தொடங்கிவைத்தது. அதில் போதகருக்குத் தனி வாக்குறுதி கிடையாது. தேவாலயம் கூட்டுபவரும் போதகரும் ஒரே சொற்களைச் சொல்லித் தம்மை ஒப்படைக்கிறார்கள். பதவி போனாலும் கடவுளுக்கே உரியவர் என்று அங்கே சொன்னவர், பிறகு இடமாற்றக் கடிதம் வரும்போது ஆதரவாளர்களைத் திரட்டினால் அவர் சொன்னதைச் சபை நினைவுபடுத்தலாம்.

இடமாற்றம் சிறிய விடயமல்ல. தலைவர் இல்லாதபோது பணி என்னாகும் என்பதை அது சோதிக்கிறது. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், ஓராண்டு நிறையுமுன் 1815 ஏப்ரலில் இறந்தார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் பள்ளிகளைத் தொடங்கினார். அவரோடு பணியும் தளர்ந்தது. ஒருவரின் உழைப்பை மட்டும் நம்பி எழுந்த ஊழியத்துக்கு அது இயல்பான முடிவு. பின்னாளில் வேரூன்றிய சேகர முறை வேறு வகையானது. ஒரே குருவானவர் பல சிற்றூர்ச் சபைகளைக் கவனிப்பார். அவர் வரமுடியாத ஞாயிறுகளில் உள்ளூர்ப் பிரசங்கியார் ஆராதனையை நடத்துவார். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் ஊரடங்கும் வாவியின் இரு கரைகளையும் பிரித்துப்போட்ட நாட்களில், இந்தப் பழக்கம் இல்லாத சபை கதவைச் சாத்தவேண்டியதுதான். அன்றைய வாசகமும் காலத்துக்குரிய ஜெபமும் கையில் இருந்தால் ஒரு பாடசாலை ஆசிரியரோ தாதியோ வழிபாட்டை நடத்திவிடலாம். தம் இல்லாமையிலும் சபை நடக்கும்படி ஆட்களைப் பழக்குவது நல்ல தலைவரின் கடமை. தம்மைத் தேடி ஆட்கள் ஏங்குவதில் மகிழும் ஊழியர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பார். கத்தோலிக்கத் திருச்சபையில் வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகள் 2021 ஜனவரியில்தான் பெண்களுக்குத் திறக்கப்பட்டன. சிற்றூர்களில் அவர்கள் அதற்கு முன்பே வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

திருவிழாச் செலவில் ஆண்டு எளிதாகக் கெட்டுப்போகிறது. நவநாட்களை அன்பியங்கள் எனும் பங்கின் சிறு குழுக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது பொறுப்பைப் பகிரும் நல்ல வழி. அதே பிரிப்பு, எந்த நாள் மின்விளக்கு அதிகம், யார் தந்த உணவு சிறந்தது என்ற போட்டியாக மாறும்போது, கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பவரை அது உருவாக்குகிறது. 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்கிறது. நம்பிக்கையாளர் கொடுத்தவற்றுக்கு அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என்றும் சொல்கிறது. பங்குப் பேரவைக்கோ ஆலோசனை வாக்கு மட்டுமே. ஆகவே கணக்கைப் பகிரங்கமாக வாசிக்கும் நாளை ஆண்டின் ஒழுங்குக்குள்ளேயே நிலைநிறுத்துவது, நல்லெண்ணத்தைவிட உறுதியான பாதுகாப்பு. திருவிழா முடிந்து வரும் ஞாயிறு அதற்குப் பொருத்தமானது.

ஒழுங்கை ஒதுக்கிவைக்கவேண்டிய வேளைகளும் உண்டு. மட்டக்களப்பில் பேரிடர்கள் பலமுறை வழிபாட்டு நாட்களை ஒட்டியே வந்திருக்கின்றன. 1978 நவம்பர் 23 சூறாவளி திருவருகைக் காலத்துக்குச் சில நாட்கள் முன்பு அடித்தது. 2004 டிசம்பர் 26 ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள், ஆழிப்பேரலை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு காலை மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர்கள் பலர் இறந்தார்கள். அடுத்த ஞாயிறு நாடெங்கும் கத்தோலிக்கத் தேவாலயங்களில் பொதுத் திருப்பலி நிறுத்தப்பட்டு, கர்தினால் மல்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. உயிரைக் காக்க வழிபாட்டை நிறுத்த ஒரு தலைவருக்கு உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. துயரில் இருப்பவரிடம் காலத்துக்குரிய மகிழ்ச்சியைக் கட்டாயப்படுத்துவதே நுட்பமான தவறு. பாஸ்காக் காலம் என்பதற்காக, பிள்ளையை அடக்கம் செய்த தாயை அல்லேலூயா பாடச் சொல்ல முடியாது. ஆண்டு அதற்கும் இடம் வைத்திருக்கிறது: டிசம்பர் 26, முதலாவது இரத்தசாட்சியான ஸ்தேவானின் நாள்; டிசம்பர் 28, ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளின் நாள். பிறப்பு விழாவின் நான்காம் நாளிலேயே கொலையுண்ட பிள்ளைகளுக்காக அழும் ஒழுங்கு அது. தலைவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஏற்கனவே இருப்பதை விழாக் களிப்பில் மறைக்காமல் விட்டால் போதும்.

யாருடைய இறந்தவர்களுக்காக மன்றாடுவது என்பதே இக்கரையில் தலைமைக்கு வரும் மிகக் கடினமான சோதனை. 1990 ஜூலையில், மக்கா யாத்திரை முடித்துத் திரும்பியவர்கள் உட்படக் காத்தான்குடிக்குப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம்கள் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகளால் வழிமறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்ட் 15, மரியாளின் விண்ணேற்பு விழாவன்று, புனித மிக்கேல் கல்லூரியோடு நெடுங்காலம் இணைந்திருந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் கொல்லப்பட்டார்கள். கல்லறைத் திருநாளில் தம் சமூகத்தின் இறந்தவர்களை மட்டும் பெயரிட்டு மன்றாடுவது இயல்பு, பாதுகாப்பும்கூட. தம் மண்ணில், தம் மொழி பேசியவர்களால் கொல்லப்பட்ட அயலவரைப் பெயரிட்டால், சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழும். எங்கள் பிள்ளைகளுக்கு யார் அழுதார்கள் என்ற கேள்வியும் நியாயமான வலியிலிருந்தே வருகிறது. ஆயினும் தவக்காலம் முழுக்கப் பாவ அறிக்கை செய்யும் சபை, தன் வேலிக்குப் பக்கத்தில் புதைந்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்தால் அந்த அறிக்கை பொய்யாகிவிடுகிறது.

இதைத் தனியொரு குருவின் துணிவுக்கு விட்டுவிடுவதும் சரியல்ல. துணிந்தவர் ஒருமுறை சொல்லிவிட்டு இடமாறிப் போவார், பின்னால் வருபவர் வாய் திறக்கமாட்டார். திருவருகைக் காலத்துக்கு முன் கூடும் பேரவையிலோ சபைக் கூட்டத்திலோ, பாதிக்கப்பட்ட குடும்பங்களையும் வைத்துக்கொண்டு பேசி, அடுத்த நவம்பரில் வரும் கல்லறைத் திருநாளுக்கான மன்றாட்டுப் பட்டியலில் எல்லா இழப்புகளையும் எழுதி அச்சிட்டுவிட்டால் நிலைமை மாறும். புதிதாக வரும் குருவானவர், அஞ்சுபவராக இருந்தாலும், அந்த நாளில் அதை வாசித்தே தீரவேண்டும்.