எவருடைய பிரார்த்தனை?

திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் புறப்படுகிறவன் தெளிந்த நீரும் அடங்கிய காற்றும் வேண்டித் தன் தெய்வத்தை வணங்கிப் படகேறுகிறான். தூத்துக்குடி உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவள் மழை இன்னும் சில வாரம் தள்ளிப்போக வேண்டுமென்கிறாள். கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரி விதைத்துவிட்டு வானம் பார்க்கும் குடியானவனோ அந்த மழையையே கேட்கிறான். ஒன்றையொன்று மறுக்கும் இவ்விண்ணப்பங்களை ஒரே ஈசுவரன் எவ்விதம் கேட்டருளுகிறான் என்பது பழைய வினா. வயிற்றுக்காகக் கேட்பவரிடம் அதைப் பேச எனக்குத் துணிவில்லை. ஆனால் ஜயத்திற்காகக் கேட்பவர் விஷயத்தில் அதை ஆராயலாம்.

2024 செப்டம்பர் 1ஆம் நாள், பாரிஸ் பாராலிம்பிக் இறகுப்பந்தில், கையில் குறையுடைய பெண்களுக்கான எஸ்.யூ.5 பிரிவின் அரையிறுதியில், காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசனும் திருவள்ளூர் மாவட்டத்து மனிஷா ராமதாஸும் வலைக்கு இருபுறமும் நின்றார்கள். இருவரும் தமிழ் மக்கள். இருவர் வீட்டிலும் அன்று விளக்கேற்றிக் கைகூப்பியிருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறிராது. 23-21, 21-17 என்று துளசிமதி வென்றார். அப்படியானால் மனிஷாவுக்காகச் செய்த பிரார்த்தனை செவியேறவில்லையா?

போருக்குப் போகுமுன் ஆசி கேட்ட துரியோதனனுக்குக் காந்தாரி, பெற்ற மகனாயிருந்தும், அவனுக்கென வெற்றியை வாழ்த்தாமல் தர்மம் உள்ள இடத்திற்கே வெற்றியைச் சேர்த்துவிட்டாள் என்று பாரதம் சொல்லும். அவ்விடை குருக்ஷேத்திரத்திற்குப் போதும். தர்மம் இருபுறமும் சமமாய் நிற்கும் ஆடுகளத்திற்குப் போதாது. அங்கே ஜயத்தைக் கேட்பது எதிரே நிற்பவளின் தோல்வியையும் சேர்த்துக் கேட்பதே. அத்தகைய விண்ணப்பத்திற்குத் தெய்வம் மௌனமாயிருப்பதே நியாயம் என்று நான் நம்புகிறேன். ஆனால் தன் முழுச் சக்தியையும் எதிராளியின் முன் மறைக்காமல் வைக்க அனுக்கிரகம் கேட்பது வேறு. அதை இருவரும் கேட்கலாம், இருவருக்கும் கிட்டலாம், ஒருத்திக்குக் கிட்டுவதால் மற்றவளுக்குக் குறைந்துவிடாது.

இவ்வுண்மையைக் கொரிய நாட்டுப் பெண்களின் சரித்திரம் இரு வகையாலும் காட்டுகிறது. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக் இறகுப்பந்தில் இந்தோனேசியாவின் சூசி சுசாந்தியிடம் இறுதியாட்டத்தில் தோற்ற பாங் சூ-ஹியூன், 1996இல் அட்லாண்டாவில் அதே சூசியை அரையிறுதியில் வென்று, பின்பு மியா அவுதினாவையும் வென்று தங்கம் கொண்டார். முதல் தோல்வியில் சூசி ஒரு வீச்சையேனும் இரக்கத்தால் தளர்த்தியிருந்தால், அது பாங்குக்குச் செய்த உபகாரமாகுமா? தளர்த்தாததே உபகாரம்.

மறுபுறத்தை நினைக்கவே மனம் கூசுகிறது. இங்கே தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா நடந்துகொண்டிருந்த 2012 ஜூலை 31ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக்கின் பெண்கள் இரட்டையர் ஆட்டங்களில், குழுச் சுற்றில் தோற்றால் அடுத்த கட்டத்தில் தமக்கு அனுகூலமான எதிராளி வாய்ப்பார் என்று கணக்கிட்டு, சீனாவின் ஓரிணையும் கொரியாவின் ஈரிணைகளும் இந்தோனேசியாவின் ஓரிணையும் வேண்டுமென்றே பந்தை வலையிலும் எல்லைக்கு வெளியிலும் அடித்துத் தோற்க முயன்றன. காசு கொடுத்து வந்த ஜனங்கள் கூச்சலிட்டார்கள். மறுநாள் நான்கு இணைகளும் நீக்கப்பட்டன. போட்டியின் அமைப்பே அவர்களுக்கு அந்தச் சபலத்தைக் காட்டிற்று என்று வாதிக்கலாம். அவ்வாதத்தில் சத்தியமும் உண்டு. எனினும், எட்டுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் உடலை வருத்திச் சேர்த்த திறமையை, அதைக் காட்ட வேண்டிய சந்நிதியிலேயே ஒளித்தார்கள். பலனை நாடியதல்ல அவர்கள் குற்றம். பலனுக்காகக் கர்மத்தையே பொய்யாக்கியதுதான்.

பாரிஸில் அந்த முதல் ஆட்டம் இருபதைக் கடந்து 23 வரை நீண்டதை இதனோடு வைத்துப் பார்க்கிறேன். ஒரே மாநிலத்தவள் என்று துளசிமதி விட்டுக்கொடுக்கவில்லை, மனிஷாவும் விட்டுக்கொடுக்கவில்லை. சிநேகத்திற்கு இதைக்காட்டிலும் பெரிய மரியாதை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் துளசிமதி சீனத்து யாங் சியூசியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளி பெற்றார். மனிஷா டென்மார்க்கின் காத்ரின் ரோசன்கிரனை 21-12, 21-8 என்று வென்று வெண்கலம் பெற்றார். தோற்று வெள்ளி பெற்றவரைவிட, வென்று வெண்கலம் பெற்றவர் அன்று குறைவாய் அருளப்பெற்றார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.